குரல் உடையும் மகரக்கட்டு வயதில் பையனின் மேடைத் துணிச்சலைக் காப்பது எப்படி

தென்காசியில் இருபத்தேழு ஆண்டுகளாக கீபோர்டும் வாய்ப்பாட்டும் கற்பித்து வருகிறேன். ஆண்டுக்கொரு முறை, மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில், என் மாணவர்கள் மேடையேறுவார்கள். போன ஆண்டு பத்தொன்பது பெண்கள், பதினொரு பையன்கள். ஒரு பெண் வெள்ளிச் சரிகை மின்னும் மேலங்கியில் வந்தாள். இன்னொருத்தி அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியும் வைத்து வந்தாள். அரங்கம் கைதட்டியது. பையன்கள் பதினொரு பேரும் கறுப்புச் சட்டை, நீல ஜீன்ஸ். யாரும் சொல்லி வைத்ததல்ல. மைக் ஸ்டாண்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பாடிவிட்டு இறங்கினார்கள். அவர்களில் நான்கு பேருக்காவது அந்த மேடையிலேயே சிறந்த குரல் இருந்தது.

உலக மேடையிலும் இதே காட்சிதான். 2010இல் அமெரிக்கப் பாடகி லேடி காகா பச்சை இறைச்சியால் தைத்த உடையில் விருது வாங்கப் போனார். பெண் பாடகர்கள் ஒவ்வொரு இசைத்தொகுப்புக்கும் ஒரு புது உருவம் எடுக்கிறார்கள். ஆண்களில் பெரும்பாலோர்க்கு ஒரு டி-சட்டையும் கிட்டாரும் போதுமானதாக இருக்கிறது. பிரிட்டிஷ் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் அமெரிக்க ஃபேஷன் இதழான 'வோக்'கின் 2020 டிசம்பர் அட்டையில் கவுன் அணிந்து வந்ததும் அது பெரிய சண்டையாகிவிட்டது. பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி 1971இலேயே பிரிட்டனில் வெளியான தன் இசைத்தட்டின் உறையில் நீண்ட கவுனுடன் சாய்ந்து படுத்திருந்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அதே துணி அதே சண்டையைக் கிளப்புகிறது என்றால், நாம் இம்மியும் நகரவில்லை.

துணிச்சலான ஆண் பாடகர்கள் ஏன் இத்தனை குறைவு என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அவர்களைப் பன்னிரண்டு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் நாம் தொலைத்துவிடுகிறோம். என்னையும் அப்படித்தான் தொலைத்தார்கள். பதின்மூன்று வயதில் பள்ளி ஆண்டு விழாவில் மேல் ஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தபோது குரல் இரண்டாகப் பிளந்தது. மேடையோரம் நின்ற ஆசிரியர் ஒருவர், "இனியாவது பெண்பிள்ளை மாதிரிப் பாடாமல் இரு" என்றார். இருபத்து நான்கு வயதுவரை நான் பாடவே இல்லை. இந்த வழிகாட்டியைப் பெற்றோருக்காகவும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்காகவும் எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பையனுக்கு அந்தப் பதினோரு ஆண்டுகள் வீணாகக் கூடாது.

குரலிலிருந்து தொடங்குங்கள்

பழைய நாடகக் கம்பெனிகளில் பையன்களின் குரல் உடைவதை மகரக்கட்டு என்பார்கள். எட்டு, பத்து வயதுப் பையன்களை வைத்தே நாடகம் நடத்திய அந்தக் கம்பெனிகளுக்கு அது பெரிய கவலை. இன்றைய வீடுகளில் அதற்குப் பெயர்கூட இல்லை. பையன் திடீரென்று பாடுவதை நிறுத்துகிறான், யாரும் ஏனென்று கேட்பதில்லை.

முதலில் அவனை உட்காரவைத்து, உடம்புக்குள் நடப்பதைச் சொல்லுங்கள். குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, பேச்சுக் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிறது. பெண்பிள்ளைகளுக்கும் குரல் மாறுகிறது. ஆனால் அவர்களுக்கு இரண்டு மூன்று ஸ்வர அளவே இறங்குவதால் வெளியே தெரிவதில்லை. இதைத் தெரிந்துகொண்ட பையன், குரல் பிளந்தால் "சார், நாண் நீள்கிறது" என்று சொல்லிவிட்டு மறுபடி பாடுகிறான். தெரியாத பையன் தன்னிடம் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறான்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வாரம் ஒரு நாள், நான் சனிக்கிழமை காலையில் செய்கிறேன், கீபோர்டில் ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்து, சிரமமில்லாமல் அவனுக்கு எட்டுகிற கீழ் ஸ்வரத்தையும் மேல் ஸ்வரத்தையும் தேதியோடு எழுதுங்கள். ஐந்து கட்டை சுருதியில் பாடிய பையன் ஓராண்டில் ஒன்றரைக் கட்டைக்கு வந்துவிடலாம். நடுவில் சில மாதங்கள், பால் பல் விழுந்த வாய் போல, இடையிலே சில ஸ்வரங்கள் காணாமல் போகும். அந்த மாதங்களில் இருக்கிற ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் அடங்கும் பாட்டைத் தேடிக் கொடுங்கள். போன ஆண்டு பரிசு வாங்கிய பாட்டை அதே கட்டையில் மறுபடி பாடச் சொல்லாதீர்கள். அதைவிடக் கொடுமை வேறில்லை.

பாட்டை முற்றிலும் நிறுத்தவும் வேண்டாம். ஒரு வேளைக்கு இருபது நிமிடம், தாழ்ந்த சத்தத்தில், கத்தாமல். கிரிக்கெட் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்த நாளில் வெறும் தாளப் பயிற்சி. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இனி முக்கியமான இடம். குரல் இறங்கிய பிறகும் பையனிடம் ஒரு மேல் குரல் மிச்சமிருக்கும். குரல் நாண்களின் மெல்லிய ஓரங்கள் மட்டும் அதிரும்போது பிறப்பது அது. நம் சங்கீத உலகம் அதற்கு வைத்த பெயர் கள்ளக்குரல். எவ்வளவு கடுமையான சொல்! பையனின் சொந்தத் தொண்டையில் பிறக்கும் ஒலியைத் திருட்டுப் பொருள் என்கிறோம். கர்நாடக சங்கீதக் கச்சேரிக்கு அது பொருந்தாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். பாப் இசையிலோ அதுதான் பொக்கிஷம். 1986இல் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் பாடிய 'கிஸ்' அந்தக் குரலிலேயே தொடங்குகிறது. 1977இல் பீ ஜீஸ் சகோதரர்கள் உலகையே ஆட வைத்ததும் அந்தக் குரலால்தான். என் வகுப்பில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. மேல் குரல் என்றே சொல்கிறோம். பயிற்சி எளிது: உச்சத்தில் 'ஊ' என்று ஆரம்பித்து, ஆந்தை கூவுவதுபோல் மெதுவாகக் கீழே வழுக்கி வரவேண்டும். மேலிருந்து கீழே வந்தால் இரண்டு குரலும் சேரும் இடத்தில் தையல் தெரியாது. கீழிருந்து மேலே முட்டினால் பிளக்கும். தினம் ஐந்து முறை போதும்.

அப்பாவிடம் பேசுவது

இது பாட்டைவிடக் கடினம். அதனால் விழாவுக்கு ஆறு வாரம் முன்பே செய்துவிடுகிறேன். விழா நாளன்று ஒப்பனை அறை வாசலில் நின்று பேசினால் எந்த அப்பாவும் கேட்கமாட்டார்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மயில் நிறப் பட்டுச் சட்டையும் காதில் ஒரு வளையமும் போட்டுக்கொண்டு பாட ஆசைப்பட்டான். அப்பா வகுப்புக்கே வந்துவிட்டார். "சார், நம் குடும்பத்தில் ஆண்கள் இப்படியெல்லாம் செய்வதில்லை" என்றார். நான் வாதாடவில்லை. "உங்கள் தாத்தாவின் படம் வீட்டில் இருந்தால் ஒரு தடவை எடுத்து வாருங்கள் அண்ணாச்சி" என்றேன். அடுத்த வாரம் படத்தோடு வந்தார். தாத்தா குடுமியோடும், இரண்டு காதிலும் சிவப்புக்கல் கடுக்கனோடும் நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தைப் பார்த்தபடி அவர் நெடுநேரம் பேசவில்லை. பையன் வளையத்தோடு பாடினான்.

அப்பாக்களிடம் நான் முதலில் போட்டுக் காட்டுவதும் உள்ளூர்க்காரர் ஒருவரின் பாட்டைத்தான். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது செங்கோட்டை. 1906இல் அங்கே பிறந்த நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா இருபத்தேழு வயதிலேயே மறைந்துவிட்டார். அவர் பாடும் உச்ச ஸ்தாயியைக் கேட்கத்தான் அந்தக் காலத்தில் கூட்டம் அலைமோதியது. அந்தக் குரலை யாரும் பெண் குரல் என்று பழித்ததில்லை. தியாகராஜ பாகவதரின் தோள் தொடும் முடியைப் பார்த்து ஊர் இளைஞர்கள் 'பாகவதர் கிராப்' வைத்துக்கொண்டார்கள். சிவாஜி கணேசன் சிறுவயதில் நாடகக் கம்பெனியில் சீதையாக வேடமிட்டவர். டி.கே. சண்முகம் ஒளவையாராகவே நடித்து 'ஒளவை' என்ற பட்டத்தைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். இவர்களையெல்லாம் கொண்டாடிய ஊரின் பேரன்கள்தான் இப்போது கறுப்புச் சட்டைக்குள் ஒளிகிறார்கள். துணிச்சல் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிறது என்று நினைக்கும் அப்பாக்களுக்கு இந்தப் பட்டியல் நல்ல மருந்து.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: உடையை வைத்துப் பையன் யாரை நேசிப்பான் என்று யாரும் கணக்குப் போடக் கூடாது. உயர்ந்த குதிகால் செருப்பும் ஜரிகைச் சட்டையுமாக நின்ற பிரின்ஸ் பாடியது பெண்கள் மீதான காதலை. அமெரிக்க ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸோ, தாம் தன்பால் ஈர்ப்பு உள்ளவர் என்று 2019இல் அறிவித்தார். இரண்டு பேரையும் உடை ஒரே மாதிரிதான் மின்னவைத்தது. பையன் தன்னைப் பற்றி ஏதாவது உங்களிடம் நம்பிச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் அனுமதி இல்லாமல் அது உங்கள் வாயிலிருந்து வெளியே போகக் கூடாது, அப்பாவிடம்கூட.

உடையும் மையும்

பையனையே தேர்ந்தெடுக்க விடுங்கள். முதல் ஆண்டில் ஒரே ஒரு பொருள் போதும்: ஒரு சட்டை, அல்லது கண் மை, அல்லது மோதிரம். பத்து நாள் முன்பிருந்தே அதை அணிந்து ஒத்திகை பார்க்க வேண்டும். முதலில் வீட்டில் தனியாக, பிறகு அம்மா முன்னால், பிறகு வகுப்பில். விழா மாலையில் முதன்முறையாக மை தீட்டிக்கொண்ட பையன் பாட்டு முழுக்கத் தன் கண்ணைப் பற்றியே யோசிப்பான். மை எதற்கு என்பதையும் சொல்லிக் கொடுங்கள். மேடை வெளிச்சம் முகத்தைத் தட்டையாக்கிவிடும், கண்ணுக்குக் கோடு போட்டால்தான் பின்வரிசைக்குப் பார்வை போய்ச் சேரும். தெருக்கூத்துக் கலைஞர்கள் அரிதாரம் பூசுவதற்கும் இதே காரணம் உண்டு.

ஒரு விதியை மட்டும் நான் தளர்த்துவதே இல்லை. கேலிக்காக எந்த வேடமும் கிடையாது. நம் பள்ளி மேடைகளில் பையன் சேலை கட்டி இடுப்பை ஆட்டினால் தலைமையாசிரியர் வரை விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதே பையன் அழகாக இருக்க வேண்டுமென்று ஒரு பட்டுத் துண்டைத் தோளில் போட்டால் முகம் சுளிப்பார்கள். சிரிப்புக்கு அனுமதி உண்டு, அழகுக்கு இல்லை. பயந்த பையன் தானாகவே அந்தச் சிரிப்புக்குள் போய்ப் பதுங்குவான், வேண்டுமென்றே கோணங்கித்தனம் செய்வான். அப்போது பாட்டை நிறுத்தி, "தம்பி, உனக்கு இந்தச் சட்டை பிடித்துத்தானே எடுத்தாய்? அப்படியென்றால் பிடித்த மாதிரியே நில்" என்று சொல்லுங்கள்.

மைக் ஸ்டாண்டை ஒத்திகையின் முதல் வாரத்தில் நான் எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன். பற்றிக்கொள்ள எதுவும் இல்லாதபோது கைகள் தங்கள் வேலையைக் கண்டுபிடிக்கின்றன. 1972 ஜூலையில் பிபிசி தொலைக்காட்சியில் போவி பாடும்போது, பக்கத்தில் கிட்டார் வாசித்த மிக் ரான்சனின் தோளில் கை போட்டார். அவ்வளவுதான் செய்தார். அதைப் பார்த்து வளர்ந்த பிரிட்டிஷ் பாடகர்கள் பலர் தங்கள் வாழ்க்கையே அன்று திரும்பியதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கை எங்கே போகிறது என்பதில் அத்தனை இருக்கிறது. கண்ணாடி முன்னால் மட்டும் ஒத்திகை வேண்டாம், தன்னைத்தானே காவல் காக்கிற பழக்கம் வந்துவிடும்.

கேலி வரும்

வராது என்று பொய் சொல்லாதீர்கள். 2021 செப்டம்பரில் சீன அரசின் ஒளிபரப்புத் துறை, பெண்மை தோன்றும் ஆண்களைத் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்றே ஆணையிட்டது. ஓர் அரசாங்கமே ஒரு பையனின் கண் மைக்கு அஞ்சும்போது ஒன்பதாம் வகுப்பு கடைசி பெஞ்ச் சும்மா இருக்காது. என் மாணவர்கள் கைபேசியில், ஒப்பனையோடு ஆடிப் பாடும் கொரிய இசைக்குழுவான பிடிஎஸ் ஏழு பேரின் படத்தை வைத்திருக்கிறார்கள், ஆனால் வகுப்பில் அதை மறைத்துக் குப்புற வைக்கிறார்கள்.

எனவே கேலியையும் ஒத்திகை பார்க்கிறோம். பாடுகிறவன் சம்மதித்த பிறகு, வகுப்பிலுள்ள மற்றவர்கள் ஒரு வரியின் நடுவே சிரிக்க வேண்டும். அவன் அந்த வரியை முடித்தாக வேண்டும். வேகத்தைக் கூட்டக் கூடாது, தரையைப் பார்க்கக் கூடாது. மூன்றாம் நாள் சிரிக்கிறவர்களுக்கே அலுத்துப் போகும். விழா வீடியோவை ஒரு வாரம் வரை யாரும் குழுக்களில் பகிரக் கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். அதற்குப் பிறகும் பையன் சரி என்றால்தான் வெளியே போகும், அப்போதும் கருத்துப் பகுதியை மூடி வைப்போம்.

வெள்ளைச் சட்டையில் அசையாமல் நின்று பாட விரும்பும் பையனையும் அப்படியே விடுங்கள். மினுமினுப்பை யார் மீதும் திணிக்கக் கூடாது. அவன் பயத்தால் நிற்கிறானா, விருப்பத்தால் நிற்கிறானா என்பதைப் பார்க்க, ஒத்திகையில் ஒரே ஒரு முறை வேறு சட்டை தந்து பாடச் சொல்வேன். கழற்றும்போது முகம் வாடினால் பயம்.

பாடி முடித்தவனை உடனே கூட்டத்துக்குள் அனுப்பாதீர்கள். பத்து நிமிடம் மேடைக்குப் பின்னால் உட்காரட்டும். வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு மையைத் துடைத்துவிடுங்கள், சோப்புப் போட்டுத் தேய்த்தால் கண் எரியும். வீட்டுக்குப் போகும் வழியில், யார் என்ன சொன்னார்கள் என்று அவனிடம் விசாரிக்க வேண்டாம். எந்த வரியைப் பாடும்போது நன்றாக இருந்தது என்று கேளுங்கள். வளையம் போட்ட அந்தப் பையன் பஸ் நிறுத்தம் வரை யோசித்துவிட்டு, இரண்டாவது சரணத்தில் மேல் குரலுக்குப் போகும் வரி என்றான். அங்கேயே நின்று அவன் அப்பாவுக்கு அதைப் பாடிக் காட்டினான்.