லைன் மேல் பழி, குற்றம் ஒயரில்: சின்ன அலுவலகங்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கணினி பழுது பார்க்கப் போகும் எனக்கு, மாதம் 10ஆம் தேதி தாண்டினால் தொலைபேசி ஓயாது. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தாவை 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சம்பளக் கணக்கு பார்க்கும் கிராணிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காருவார்கள். "அண்ணே, லைன் ரொம்ப ஸ்லோ, கொஞ்சம் வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் பல இடங்களில் இணைய லைனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

செம்பனைக் குலை வாங்கும் ஓர் அலுவலகத்தில், இணையத் திட்டத்தை உயர்த்தி, மாதக் கட்டணம் கூடிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அவர்களுடைய கணக்குக் கோப்போ பக்கத்து அறைக் கணினியில் இருந்தது. அதைத் திறக்க இணையமே வேண்டாம். வெளியிலிருந்து வரும் லைனை மட்டும் உருவிவிட்டுத் திறந்து காட்டினேன். அதே ஆமை வேகம். தவுக்கே, அதாவது முதலாளி, முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

ஆகவே காசு செலவழிக்கும் முன் உள்ளே அளந்து பாருங்கள். 1 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுங்கள். விநாடிக்கு 110 எம்பி பக்கத்தில் ஓடினால் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்பு நலமாக இருக்கிறது. 11 எம்பியிலேயே நின்றால் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய பேர். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட்: 100 எம்பிபிஎஸ் என்பது ஏட்டுக் கணக்கில்கூட 12.5 எம்பிதான். 40, 50 என்று ஏறி இறங்கினால் பழைய ஹார்ட் டிஸ்க் அல்லது ஆன்டிவைரஸ் மேல் சந்தேகம் வைக்கலாம். டிஸ்க்கைத் தொடாமல் ஒயரை மட்டும் அளக்க ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவி இருக்கிறது.

அந்த அலுவலகத்தில் 11தான் வந்தது. "லைட் எரியுதே, ஒயர் நல்லாத்தானே இருக்கு?" என்றார் கிராணி. விளக்கு எரிவதை நம்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கணினிகளை இணைக்கும் லேன் கேபிளுக்குள் 8 ஒயர், 4 ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும்; கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு ஒயர் அறுந்தாலும் பல கணினிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி வேலை செய்துகொண்டே இருக்கும், விளக்கும் எரியும். அங்கே கேபிள் முனையின் பிளாஸ்டிக் தலைக்குள் பழுப்பு ஒயர் ஒன்று முனைவரை போய்ச் சேரவில்லை. புதுத் தலை வைத்து அழுத்தினேன், 1 ஜிபிபிஎஸ் வந்தது. இதைக் கண்டுபிடிக்க என்னைக் கூப்பிட்டிருக்கவே வேண்டாம். விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸ் பெட்டியைத் திறந்தால் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கும்.

இதைவிடப் பொல்லாத பிழை ஒன்று உண்டு. சில வயர்மேன்கள் மின்சார வேலையில் கெட்டிக்காரர்கள், ஆனால் லேன் தலை வைக்கும்போது நிற ஜோடிகளை 1-2, 3-4, 5-6, 7-8 என்று வரிசையாகச் செருகிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். மலிவு டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் 3ஆம் முனையும் 6ஆம் முனையும் ஒரே முறுக்கு ஜோடியாக இருக்க வேண்டும். வரிசையாகச் செருகினால் அந்த ஜோடி பிரிந்து, பக்கத்து ஒயரின் சிக்னல் உள்ளே கசியும். கேபிள் நீளமாக நீளமாகப் பிழை பெருகும். டெஸ்டரில் குறை தெரியாது. உள்ளே தெரியும் அந்தப் பிளாஸ்டிக் தலைக்குள் நிற வரிசையைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியின் நடுவே நீல ஜோடி உட்கார்ந்திருந்தால் சரி.

கேபிள் விலை நம்ப முடியாத மலிவாக இருந்தால் ஒயர் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். அதை நான் வாங்குவதில்லை.

அப்புறம், அதிகம் தெரிந்தவர்கள் செய்யும் தவறு. "ஆட்டோ வேண்டாம், 100 ஃபுல் டூப்ளெக்ஸ் வைத்துவிடுவோம்" என்று கணினியில் மட்டும் அமைத்துவிடுவார்கள். ஆட்டோ என்றால் இரண்டு பக்கமும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்வது; ஃபுல் டூப்ளெக்ஸ் என்றால் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிவது, ஹாஃப் என்றால் மாறி மாறித்தான். எதிரே, கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டி இன்னும் ஆட்டோவில் இருக்கும். மறுபக்கத்திலிருந்து பதில் வராததால் அது வேகத்தை மட்டும் ஊகித்துக்கொண்டு ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். ஒருவர் கேட்டுக்கொண்டே பேசுகிறார், இன்னொருவர் மற்றவர் வாயை மூடினால்தான் பேசுவேன் என்கிறார். பிங் என்ற சிறு இணைப்புச் சோதனை சுத்தமாக வரும், பெரிய கோப்பு மட்டும் நொண்டும். இரண்டு பக்கமும் ஆட்டோவில் விடுங்கள்.

மேசைக்கடியில் தொங்கும் கேபிளைப் பார்த்து, யாரோ நல்லெண்ணத்தில் அதன் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் செருகிவிடுவதும் நடக்கும். சாதாரண சுவிட்ச் என்றால் தகவல் சுற்றிச் சுற்றியே வந்து மொத்த அலுவலகமும் படுத்துவிடும்.

கடைசியாக ஸ்டோர். அலுவலகத்திலிருந்து ஸ்டோருக்கும் எடை மேடைக்கும் லேன் கேபிளை வெளியே இழுத்துக் கட்டுவது இங்கே சகஜம். எல்லாம் சேர்த்து 100 மீட்டர்தான் வரம்பு. சுவருக்குள் ஓடுவது 90, இரு முனையிலும் சிறு கேபிள்கள் 10. தூரத்தைவிட எனக்குப் பயம் மின்னல்தான். மாலை மழையோடு வரும் இடியில் கேபிள் செருகும் போர்ட் ஒரேயடியாகச் செத்தால்கூட நல்லது, தெரிந்துவிடும். அரை உயிரோடு பிழைத்த போர்ட்தான் மாதக்கணக்கில் வதைக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அதை மட்டும் மாற்றுங்கள். கேபிள், சுவிட்ச், மோடம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. ஒயரைக் கடிக்கும் எலியும் உண்டு. செம்பனைத் தோட்டத்து எலியைப் பிடிக்க ஆந்தை வளர்க்கிறார்கள், ஸ்டோர் கூரைக்குள் அந்த ஆந்தையை நம்ப முடியாது.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர், அதாவது ஒளி வழியே தகவல் கடத்தும் இழை, போடுவதே சரி. உலோகம் இல்லாத ஃபைபர் கேபிள் வழியே மின்னல் ஏறி வராது. அந்தக் குலை வாங்கும் அலுவலகத்தின் ஸ்டோர் கேபிள் இன்னும் கூரை ஓரமாகத்தான் தொங்குகிறது. போன வாரம் தவுக்கே ஃபைபருக்கு எத்தனை வெள்ளி ஆகும் என்று கேட்டார். திட்டத்தைப் பழையபடி குறைத்துவிட்டாராம், மிச்சமாகும் பணம் இருக்கிறதாம்.