சிறிய ஹாலுக்கு எத்தனை அங்குல டிவி? தூரத்தை அளந்து திரையையும் தெளிவுத்திறனையும் தேர்ந்தெடுக்கும் முறை

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால் உள்ள ஒரு வீட்டில் டிவி வாங்கும் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் “வீடு சின்னது, 32 அங்குலம் போதும்” என்பதிலோ, “இந்தக் காலத்தில் 55க்குக் கீழே யார் வாங்குகிறார்கள்” என்பதிலோ முடிந்துவிடுகிறது. முதல் கருத்து வீட்டின் பரப்பைப் பார்த்துச் சொல்லப்படுவது. இரண்டாவது, கடையின் சுவரைப் பார்த்துச் சொல்லப்படுவது. கணக்கில் கொள்ளவேண்டிய அளவோ உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் திரைக்கும் இடையே உள்ள தூரம்தான். அதை அளந்துவிட்டால் திரை எவ்வளவு பெரிதாக இருக்கலாம், 4கே தேவையா, ஃபுல் எச்டி போதுமா என்ற கேள்விகளில் பெரும்பகுதிக்கு விடை கிடைத்துவிடும்.

அளப்பதில் பலரும் செய்யும் பிழை, ஹாலின் அகலத்தையே பார்க்கும் தூரமாக எடுத்துக்கொள்வது. பத்தடி அகல ஹாலில் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டாலும், சாய்ந்து உட்காருபவரின் தலை சுவரிலிருந்து ஏறக்குறைய இரண்டடி முன்னே வந்துவிடும். எதிர்ப்பக்கத்தில் டிவியை மேசைமேல் வைத்தால் திரை முக்கால் அடியிலிருந்து ஓரடி வரை முன்னே வரும், சுவரில் மாட்டினால் கால் அடியோடு நிற்கும். ஆகப் பத்தடி ஹாலில் உண்மையான தூரம் ஏழிலிருந்து ஏழே முக்கால் அடிதான். தரையில் பாய் விரித்து உட்காரும் பழக்கமுள்ள வீட்டில் அது ஐந்தடியாகவும் சுருங்கும். எனவே வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒருவரை உட்காரவைத்து, அவர் கண்ணிலிருந்து திரை வரவிருக்கும் இடம் வரை டேப்பைப் பிடித்துச் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். இரண்டு இடங்களில் உட்காருவோர் இருந்தால் இரண்டையும் அளந்து, அதிக நேரம் பார்ப்பவரின் தூரத்தையே முதன்மையாகக் கொள்ளுங்கள்.

சென்டிமீட்டரில் அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் விற்கும் டிவிகளின் பெட்டியில் அளவு சென்டிமீட்டரில்தான் முதலில் அச்சாகியிருக்கும்; 80 என்றால் 32 அங்குலம், 108 என்றால் 43, 126 என்றால் 50, 139 என்றால் 55, 164 என்றால் 65. இது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையிலான நீளம், அதாவது மூலைவிட்டம். இப்போது உங்கள் தூரத்தை 1.6ஆல் வகுத்தால் கிடைக்கும் எண், படம் பார்க்கவும் கிரிக்கெட் பார்க்கவும் ஏற்ற திரையளவைச் சொல்லும். அந்த அளவில் திரை நம் பார்வையில் சுமார் 30 பாகை அகலத்தை நிரப்பும். செய்தியும் தொடரும்தான் வீட்டில் ஓடும் என்றால் 2ஆல் வகுத்தால் போதும். ஏழடி என்பது 213 சென்டிமீட்டர். 1.6ஆல் வகுத்தால் 133 வருகிறது. 2ஆல் வகுத்தால் 106. ஆக ஏழடி தூரத்துக்கு 43 அங்குலத்தில் தொடங்கி 50 வரை தயங்காமல் போகலாம், 55ஐயும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஐந்தடித் தூரத்துக்கு, அதாவது 152 சென்டிமீட்டருக்கு, அதே கணக்கு 76க்கும் 95க்கும் இடையே நிற்கிறது. அங்கே 32 போதுமானது, 43 திரையரங்கில் உட்காரும் உணர்வைத் தரும், 55 கண்ணை இங்கும் அங்கும் ஓடவைக்கும்.

கணக்கு சொல்லும் எண்ணைச் சுவரில் பார்த்தால்தான் அதன் பருமன் புரியும், ஏனென்றால் மூலைவிட்டம் நம் கண்ணை ஏமாற்றக்கூடிய அளவு. 43க்கும் 55க்கும் 12 அங்குலம்தான் வேறுபாடு என்று தோன்றும். பரப்பில் 55 அங்குலத் திரை 43ஐவிட அறுபது சதவீதத்துக்கும் மேல் பெரியது. 43 அங்குலத் திரை 95 சென்டிமீட்டர் அகலமும் 54 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 50 அங்குலம் 111க்கு 62. 55 அங்குலம் 122க்கு 69. பழைய செய்தித்தாள்களை இந்த அளவுக்கு ஒட்டி, சுவரில் நான்கு மூலைகளிலும் டேப் போட்டு, மூன்று நாள் அப்படியே விட்டுவைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இப்படி ஒட்டிய பிறகுதான் படுக்கையறைக் கதவு முழுதாகத் திறந்தால் அதன் கைப்பிடி 55 அங்குலத் திரையின் ஓரத்தில் இடிக்கும் என்பது தெரிந்தது; 50 அங்குலத் தாள் தப்பித்தது. கடைக்குப் போவதற்கு முன் செய்ய இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது தெளிவுத்திறன், அதாவது திரையில் எத்தனை படப்புள்ளிகள் உள்ளன என்பது. எச்டி ரெடி என்று விற்கப்படும் திரைகளில் பெரும்பாலும் 1366க்கு 768 என்று சுமார் பத்தரை லட்சம் படப்புள்ளிகள் இருக்கும்; ஃபுல் எச்டியில் 1920க்கு 1080 என்று இருபது லட்சத்துக்குச் சற்று மேல்; 4கேயில் 3840க்கு 2160 என்று எண்பத்து மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் புள்ளிகள் இருப்பது ஒன்று, அவை கண்ணுக்குத் தெரிவது வேறொன்று. கண் மருத்துவர் அட்டையைப் படிக்கச் சொல்லி 6/6 என்று குறிக்கும் பார்வை, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்தறியும். அதைக்கொண்டு கணக்கிட்டால், 43 அங்குல ஃபுல் எச்டி திரையின் புள்ளிகள் சுமார் ஐந்தரை அடிக்கு அப்பால் ஒன்றோடொன்று கலந்துவிடும். 50 அங்குலத்தில் ஆறரை அடிக்கும், 55 அங்குலத்தில் ஏழேகால் அடிக்கும் அப்பால். அந்த எல்லைக்கு வெளியே உட்காருபவருக்கு, அதே அளவுள்ள 4கே திரையின் கூடுதல் புள்ளிகளால் பயனில்லை. உள்ளே உட்காருபவருக்கு உண்டு.

இதில் வழக்கமான எண்ணத்துக்கு மாறான ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. பெரிய வீட்டுக்குத்தான் 4கே, சின்ன வீட்டுக்கு ஃபுல் எச்டி போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பதினோரு அடி தள்ளி உட்காரும் பெரிய ஹாலில் 55 அங்குல 4கேக்கும் ஃபுல் எச்டிக்கும் உள்ள வேறுபாடு நல்ல கண்ணுக்கும் எட்டாது. ஐந்தடியில் உட்காரும் சின்ன ஹாலில் 43 அங்குலத்திலேயே அது தெரியும். நெருங்கி உட்காரும் வீட்டுக்கே நெருக்கமான புள்ளிகள் தேவைப்படுகின்றன. எனினும் ஏழடியில் 43 அங்குலம் பார்ப்பவர் 4கேக்காகக் கூடுதல் பணம் தரத் தேவையில்லை; நல்ல ஃபுல் எச்டி கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். 50 அங்குலத்திலும் அதற்கு மேலும் கடைகளில் கிடைப்பவை ஏறக்குறைய அனைத்தும் 4கேதான் என்பதால் அங்கே இந்தக் கேள்வியே எழுவதில்லை. 4கேயைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 8கே பற்றிச் சின்ன வீட்டில் யோசிக்கவே வேண்டாம். 32 அங்குலத்தில் எச்டி ரெடியின் எல்லை ஆறடிக்குச் சற்றுக் குறைவு. படுக்கையறையில் அதற்கு அப்பாலிருந்து பார்ப்பதற்கு அது போதும். ஆனால் மடிக்கணினியை இணைத்து எழுத்துகளைப் படிக்கும் எண்ணம் இருந்தால் 32இலும் ஃபுல் எச்டியைத் தேடுங்கள், ஏனெனில் மேலிருந்து கீழாக 1080 வரிகளில் வரும் படத்தை 768 வரிகளில் அடக்கும்போது சிறிய எழுத்துகள் மங்கிப்போகும்.

இதுவரை சொன்னவை திரையின் திறன் பற்றியவை. திரைக்குள் வந்து சேரும் படம் என்ன தரத்தில் வருகிறது என்பதைக் கேட்காமல் முடிவெடுத்தவர்கள்தான் பிறகு “புது டிவியில் படம் பழையதைவிட மோசமாக இருக்கிறது” என்று வருந்துகிறார்கள். பல வீடுகளில் இன்றும் கேபிள் இணைப்பில் சாதாரண எஸ்டி செட்-டாப் பாக்ஸ்தான் இருக்கிறது. அதில் வரும் படம் 576 வரிகள் கொண்டது. அதே கண் கணக்கை இதற்குப் போட்டால், 43 அங்குலத்தில் பத்தரை அடி தள்ளி உட்கார்ந்தால்தான் அதன் குறை மறையும், 55 அங்குலத்தில் பதின்மூன்று அடி தேவை. ஏழடி ஹாலில் அது முடியாத காரியம். டிவி தன் பங்குக்கு இடைவெளிகளை ஊகித்து நிரப்பும். நல்ல டிவி அதை நன்றாகச் செய்யும், மலிவான டிவி முகங்களை மெழுகுபோல் ஆக்கிவிடும். ஆகவே வீட்டில் ஓடுவது பெரும்பாலும் எஸ்டி சேனல்கள்தான், அதை மாற்றும் எண்ணமும் இல்லை என்றால், கணக்கு 50 என்று சொன்னாலும் 43ஓடு நிறுத்திக்கொள்வதே நல்லது. மாற்ற முடியுமென்றால், பெரிய திரைக்குச் செலவிடுவதற்கு முன் எச்டி பாக்ஸுக்கு மாறிப் பாருங்கள். அந்தச் செலவு தரும் மாற்றம் பெரிது.

இணையம்வழி பார்ப்போருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தையும், ஃபுல் எச்டிக்கு 5 மெகாபிட் வேகத்தையும் பரிந்துரைக்கிறது. அதன் 4கே படம் மிக உயர்ந்த கட்டணத் திட்டத்தில் மட்டுமே வரும். வைஃபை ரவுட்டர் படுக்கையறையிலும் டிவி ஹாலிலும் இருக்க, இடையே இரண்டு சுவர் நின்றால், பில்லில் அச்சிட்ட வேகம் டிவிவரை வந்து சேராது. கைப்பேசியை டிவி வரவிருக்கும் இடத்தில் வைத்து வேகத்தை அளந்து பார்த்துவிடுங்கள்.

சின்ன ஹாலுக்கே உரிய இன்னொரு சிக்கல் பக்கவாட்டுப் பார்வை. ஏழடித் தூரத்தில் நேர்க்கோட்டிலிருந்து நான்கடி தள்ளி நாற்காலி போட்டு உட்காருபவர் திரையை முப்பது பாகைச் சாய்வில் பார்க்கிறார்; பெரிய ஹாலில் அதே நான்கடி இவ்வளவு சாய்வைத் தராது. வழக்கமான எல்இடி டிவிகளின் திரையில் விஏ, ஐபிஎஸ் என்று இரு வகை உண்டு. விஏ வகைத் திரையில் நேரே பார்க்கும்போது கருமை ஆழமாகத் தெரியும், பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ் வகையில் பக்கப் பார்வை நன்றாக இருக்கும், விளக்கணைத்துப் பார்த்தால் கருமை சாம்பலாகும். புள்ளி ஒவ்வொன்றும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை இரண்டிலும் தேறும், விலையில் தேறாது. கடையில் டிவியை நேரே நின்று மட்டும் பார்க்காமல், நான்கு அடி நகர்ந்து பக்கத்திலிருந்தும் பாருங்கள். கடை விளக்கின் கீழ் 55 சிறிதாகவும் 43 பொம்மைபோலவும் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே சுவர் நாற்பதடி நீளம், பக்கத்தில் 75 நிற்கிறது. உங்களுக்குத் தெரிந்த ஒரு பழைய தமிழ்ப் பாடலை யூடியூபில் போடச் சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் ஓட்டும் கடல், கிளி, பழத்துண்டுக் காட்சிகள் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும்.

விலையைப் பொறுத்தவரை ஒரு மாற்றத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு முன்பு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்துக்கு ஏற்கெனவே இருந்த அதே 18 சதவீதத்துக்கு வந்துவிட்டது. வரிக்காக 32இலேயே நிற்கவேண்டிய காரணம் இப்போது இல்லை.

வைக்கும் இடத்தைப் பற்றி இரண்டு செய்திகள். மேசைமேல் வைப்பதானால், பல டிவிகளில் கால்கள் இரு ஓரங்களிலும் இருப்பதால், திரையின் அளவை மட்டும் பார்க்காமல் இரு கால்களுக்கும் இடையே உள்ள தூரத்தையும் கேட்டு, மேசையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஷோகேஸ் மாடத்துக்குள் வைப்பதானால் காற்றோட்டத்துக்கும் இடம் விட வேண்டும். சுவரில் மாட்டுவதானால், வாடகை வீட்டில் உரிமையாளரிடம் முதலில் கேட்டுவிட்டு, சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரிலும் எடைகுறைந்த பிளாக் கற்களால் கட்டிய சுவரிலும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் எடையைத் தாங்காமல் கழன்றுவரக்கூடும், அதற்கேற்ற ஆங்கர், அதாவது சுவருக்குள் இறுகப் பிடித்துக்கொள்ளும் பிடிப்பான், வேண்டும். உயரத்தை பிளக் பாயிண்ட் இருக்கும் இடத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். சோபாவில் உட்காருபவரின் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியிலும், பாயில் உட்காருபவரின் கண் சுமார் இரண்டரை அடியிலும் இருக்கும். திரையின் நடுப்பகுதி அந்த இரண்டுக்கும் இடையே, அல்லது சோபாக் கண்ணுக்கு நேரே அமையட்டும். சோபாக் கண்ணுக்கு நேரே அமைத்தால் 43 அங்குலத் திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து சுமார் இரண்டரை அடியில் வரும். நின்று பார்த்தால் அது தாழ்வாகத் தெரியும், மாட்ட வந்தவரும் “இன்னும் கொஞ்சம் ஏத்தலாமே சார்” என்பார்; துளை போடுவதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.