காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள்: டிங்கியில் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில், பினாங்கின் பிறை நகரில் இருக்கும் என் அக்கா மகனுக்குக் காய்ச்சல் வந்த நாலாம் நாள், காலையிலேயே அக்கா போன் செய்தார். "தம்பி, காய்ச்சல் விட்டிருச்சுடா. நாளைக்கு வேலைக்குப் போறேங்கிறான்." எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து பார்க்கப் போனேன். பையன் சோபாவில் ஒருக்களித்துக் கிடந்தான். இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தான். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். இன்னொரு கையைத் தொட்டுப் பார்த்தேன், குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. நெற்றியில் சூடே இல்லை. மத்தியானத்திலிருந்து சிறுநீரும் போகவில்லை என்றான்.

அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்துப் பார்த்து, உடனே டிரிப் ஏற்றினார்கள். மூன்று நாளில் வீடு திரும்பினான். அன்று ராத்திரி அவனைத் தூங்க விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

டிங்கிக் (டெங்கு) காய்ச்சலில் நம் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான். காய்ச்சல் குறைந்தால் நோய் குறைந்ததாக எடுத்துக்கொள்கிறோம். மற்ற காய்ச்சல்களுக்குப் பெரும்பாலும் அது சரி. டிங்கியில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிகிறது, உள்ளே இருக்கும் ரத்தம் கெட்டியாகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது. இந்தக் கட்டம் ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். அதனால் தெர்மாமீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காமல் ஆளைப் பாருங்கள். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, சில்லிட்ட கை கால், நாலைந்து மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்தது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) கணக்கு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "பிளேட்லெட் 80 ஆயிடுச்சு" என்று ஒருவர் போட்டால், உடனே பப்பாளி இலை தேடி ஆள் கிளம்புகிறது. பப்பாளி இலைச் சாறு தட்டணுவைக் கொஞ்சம் கூட்டலாம் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு, நம் நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். ஆனால் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீர்க் கசிவு. அந்தச் சாறு கசிவை நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டாக்டரிடம் பிளேட்லெட் எவ்வளவு என்று கேட்பவர்கள், ரத்தம் கெட்டியாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். ஹீமட்டோக்ரிட் என்ற எண் அதைத்தான் காட்டும்.

மருந்து விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனடோல் (பாராசிட்டமால்) மட்டும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. உடம்பு வலிக்கிறதே என்று பொன்ஸ்தான், புரூஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை எதையும் தொடாதீர்கள், ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். கிளினிக்கில் ஊசி கேட்டு வாங்குவதும் வேண்டாம். வெறும் தண்ணீராகவே குடிக்காமல் கஞ்சி, பார்லி, பழச்சாறு, உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். விரலில் குத்திப் பார்க்கும் சோதனை 'நெகட்டிவ்' என்று வந்தால் டிங்கி இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. என்.எஸ்.1 என்ற வைரஸ் புரதத்தைத் தேடும் அந்தச் சோதனை முதல் சில நாள்களில்தான் நன்றாகப் பிடிக்கும், ஐந்தாம் நாளுக்குப் பிறகு தவறவிடலாம். ஒரு தடவை வந்தால் இனி வராது என்பதும் உண்மையில்லை. வைரஸில் நாலு வகை உண்டு. இரண்டாவது தடவை வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

அன்று அக்கா வீட்டில் இன்னொன்றையும் பார்த்தேன். பையனின் தலைமாட்டில் ஒரு போன் சார்ஜரில் கிடந்தது. கொசு விரட்டும் ஆப் ஓடிக்கொண்டிருந்தது. "ராத்திரி பூரா போட்டு வைக்கிறேன், கொசு அண்டாதாம்" என்றார் அக்கா. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, ஏனென்றால் நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். இலவச ஆப்புக்கு விளம்பரத்தில்தான் வருமானம். எவ்வளவு நேரம் திறந்து கிடக்கிறதோ அவ்வளவு விளம்பரம் காட்டலாம். கொசு போகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் அதைச் செய்தவருக்குக் கிடையாது. ஒலியால் கொசுவை விரட்டும் மின் கருவிகளைப் பற்றி 2007ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு ஒன்று வந்தது. மலேரியாக் கொசுக்களை வைத்துச் செய்த 10 களச் சோதனைகளை அதில் அலசினார்கள். கருவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெறுங்காலில் வந்து உட்கார்ந்த கொசுக்களின் எண்ணிக்கை குறையவில்லை. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் பெரும்பாலும் பகலில், அதிலும் காலையிலும் அந்திப் பொழுதிலும் கடிக்கும். ராத்திரி ஆப் ஓடும் நேரம்கூடப் பொருந்தவில்லை. இப்படி ஒரு ஆப்பைத் திறந்து வைத்துவிட்டு ஒரு தாய் நிம்மதியாகத் தூங்கப் போகிறார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டிங்கி பரவும் இடங்களைக் காட்டும் சுகாதார அமைச்சின் ஐடிங்கி தளம் அப்படியில்லை, பயனுள்ளது. அதைப் படிப்பதில்தான் தவறு செய்கிறோம். ஹாட்ஸ்பாட் என்று அதில் வருவது, நோய்ப் பரவல் 30 நாளுக்கு மேல் நீடித்த இடம். நம் தாமான் (குடியிருப்பு) அந்தப் பட்டியலில் இல்லை என்றால் அங்கே டிங்கி இல்லை என்று ஆகாது. பக்கத்து வீதியில் நேற்று ஒருவர் காய்ச்சலில் படுத்திருக்கலாம்.

புகை அடிக்க வந்தால் எல்லோரும் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். ஏடிஸ் வீட்டுக்குள்ளே, அலமாரிக்குப் பின்னாலும் தொங்கும் துணியிலும்தான் ஒதுங்கியிருக்கும். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுக்களுக்கு ஒன்றும் ஆகாது.

டிங்கி ரத்தக்கசிவுக் காய்ச்சல் இந்த நாட்டில் முதன்முதலில் பதிவானதே நம் பினாங்கில்தான், 1962ல். அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் நம் வீட்டு வாளிகளிலேயே கொசு வளர்கிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலைய வேலைக்காகச் சில நாள் தண்ணீர் நின்றபோது, எல்லோரும் டிரம், வாளி என்று வாங்கி நிரப்பினோம். அக்கா வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் அந்த நீல டிரம் இன்னும் பாதித் தண்ணீரோடு நின்றது. போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். மேலே வந்து மூச்சு வாங்கி, அசைந்ததும் கீழே இறங்கின, இருபது முப்பது புழுக்கள்.

டிரம்மை அன்றே கவிழ்த்தோம். ஆனால் கவிழ்த்தால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உள்சுவரில் ஒட்டி வைக்கும். அது காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் ஏறினால் பொரிந்துவிடும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். ஆகவே வாரத்துக்கு ஒரு முறை, பிரஷ் போட்டு உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். கொட்ட முடியாத தொட்டிக்குப் புழுவைக் கொல்லும் அபேட் மணல், 10 லிட்டருக்கு 1 கிராம். ஐஸ்பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டையும் இழுத்துப் பாருங்கள். அக்கா வீட்டில் அதிலும் இருந்தது.