நீண்ட பேஸ்பால் பருவத்தில் ஆர்வத்தைக் காத்துக்கொள்வது எப்படி?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஒவ்வோர் அணியும் மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதி வரை 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஐ.பி.எல். லீக் சுற்றின் 14 ஆட்டங்களுக்குப் பழகிய ஒருவர், இங்கும் ஒவ்வொரு வெற்றிக்கும் துள்ளி ஒவ்வொரு தோல்விக்கும் துவண்டால், ஜூன் மாதத்துக்குள் களைத்துப்போவார். ஆர்வம் ஏறி இறங்குவது இயல்பே. எந்த மாதத்தில் அதை எவ்வளவு செலவிடலாம் என்று அறிந்துகொண்டால் போதும்.

ஏப்ரலில் ஆட்டங்களை ஆசை தீரப் பாருங்கள். தரவரிசைப் பட்டியலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி முதல் 50 ஆட்டங்களில் 19இல் மட்டுமே வென்றிருந்தது. அதே அணிதான் அந்த அக்டோபரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை வீழ்த்தி, சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது. மே முடிந்த பிறகு பட்டியலைப் பார்க்கும்போதுகூட, வெற்றிகளின் எண்ணிக்கையோடு, அணி எடுத்த ரன்களுக்கும் விட்டுக்கொடுத்த ரன்களுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ரன்னில் கிடைக்கும் வெற்றிகளில் அதிர்ஷ்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆர்வம் உண்மையில் வற்றுவது ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான். அப்போது எல்லா ஆட்டங்களையும் பார்க்க முயல வேண்டாம். அணிகள் பெரும்பாலும் ஐந்து தொடக்கப் பிட்சர்களை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கிப் பந்தெறிபவர்களை, சுழற்சி முறையில் களமிறக்குகின்றன. அவர்களில் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, ஐந்தாறு நாளுக்கொரு முறை அவர் பந்தெறியும் ஆட்டத்தை மட்டும் முழுமையாகப் பாருங்கள். அவருடைய வளைபந்து எந்த நாளில் கீழே இறங்குகிறது, எந்த நாளில் நடுவிலேயே தங்கி அடி வாங்குகிறது என்பது சில வாரங்களில் உங்களுக்கே புலப்படத் தொடங்கும். அணி தோற்றுக்கொண்டிருந்தாலும் இந்த ஈடுபாடு குறைவதில்லை என்பதால், எனக்குத் தெரிந்த வழிகளில் இதையே சிறந்ததாகச் சொல்வேன். மற்ற ஆட்டங்களுக்கு வானொலி வர்ணனையே போதும்.

செப்டம்பரில் தினமும் பாருங்கள், முன்னிலையை மட்டும் நம்பாதீர்கள். 2011இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்று, பிறகு எழுந்து, செப்டம்பர் தொடக்கத்தில் வைல்ட் கார்ட் இடத்துக்கான (பிரிவில் முதலிடம் பெறாத சிறந்த அணிக்கு அக்டோபர் நாக்அவுட் சுற்றில் கிடைக்கும் இடம்) போட்டியில் டாம்பா பே அணியைவிட ஒன்பது ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. அந்த மாதம் 27 ஆட்டங்களில் 20இல் தோற்றது. கடைசி நாளான செப்டம்பர் 28 அன்று பால்டிமோரில் வெற்றிக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைக் (மட்டையாளர் அடிக்கத் தவறும் பந்து) தொலைவில் நின்று தோற்ற சில நிமிடங்களில், நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் 0-7 என்று பின்தங்கியிருந்த டாம்பா பே, 12ஆவது இன்னிங்ஸில் ஈவான் லாங்கோரியா அடித்த ஹோம் ரன்னால் வென்று முன்னேறியது. ஏப்ரலில் மனம் வெறுத்து விலகியவர், ஆகஸ்டில் இடம் உறுதி என்று நிம்மதியடைந்தவர் ஆகிய இரு சாரார் கணிப்பும் ஒரே பருவத்தில் பொய்த்தது.

உங்கள் அணி வெளியேறிவிட்டாலும் செப்டம்பர் வீணில்லை. வீரர் பட்டியல் 26 பேரிலிருந்து 28 ஆக விரிவதால், இளையவர்களுக்கு வாய்ப்பு கிடைக்கும் காலம் அது. அக்டோபர் நாக்அவுட் சுற்றில் உங்கள் அணி இருந்தால், குறுந்தொடர்களில் எதுவும் நடக்கலாம் என்பதற்கு மனத்தை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துங்கள்: 2001இல் 116 ஆட்டங்கள் வென்ற சியாட்டில் மரினர்ஸ் உலகத் தொடரை எட்டவே இல்லை. அதன்பின் குளிர்காலத்தில் தயங்காமல் ஓய்வெடுங்கள். பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் ஃபுளோரிடா, அரிசோனா பயிற்சி முகாம்களுக்கு வந்துசேர்வார்கள்.