புல்லுருவி ஊசி போடலாமா என்று யோசிக்கும் குடும்பத்தினருக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று உறுதியானால், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்கோ திருவனந்தபுரத்தில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.க்கோ நடையாய் நடக்கும் நாட்களிலேயே, பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு மருந்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவற்றுள் புல்லுருவியும் ஒன்று. அதைத் தேடிப் போகும் முன் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் புல்லுருவி என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நம் தோட்டத்து மாமரக் கிளையில், குருவிகள் பழத்தைத் தின்றுவிட்டுத் தேய்த்துச் சென்ற பிசுபிசுப்பான விதையிலிருந்து முளைத்து, குழல் போன்ற பூக்களோடு தொங்கும் செடி வேறு. ஐரோப்பாவில் ஆப்பிள், ஓக், பைன் மரங்களில் வளரும் விஸ்கம் ஆல்பம் என்ற செடி வேறு. ஊசி மருந்தாக ஆராயப்பட்டது பின்னதன் சாறு மட்டுமே. அந்தச் செடியையும் பச்சையாகத் தின்றால் நஞ்சு. ஆகவே மாமரத்துப் புல்லுருவியைப் பறித்துக் கஷாயம் வைத்தால் அதே பலன் கிடைக்கும் என்று யார் சொன்னாலும், கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) எடுப்பவருக்கு அதைக் கொடுக்க வேண்டாம்.

இந்தச் சாற்றைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தும் வழக்கத்தை, ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதியின் கருத்தைப் பின்பற்றி, 1917 வாக்கில் இட்டா வெக்மன் என்ற மருத்துவர் தொடங்கினார். ஜெர்மனியில் இன்றும் பலருக்கு இது துணை மருந்தாகத் தரப்படுகிறது; அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போ இதைப் புற்றுநோய் மருந்தாக அங்கீகரிக்கவில்லை. 21 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2008இல் வெளியிட்ட மதிப்பாய்வு, ஆயுளை நீட்டிக்கும் என்பதற்கான சான்று வலுவில்லாதது என்றும், கீமோ காலத்தில் உடல்நிலையும் மனநிலையும் ஓரளவு தேறலாம் என்பதற்குச் சில அறிகுறிகள் இருப்பதாகவும் கூறியது. கணையப் புற்றுநோய் முற்றிய 290 பேரிடம் ஸ்வீடனில் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில் அந்த இரண்டு பலனுமே தென்படவில்லை. கீமோ, கதிர்வீச்சு, அறுவை சிகிச்சை ஆகியவற்றின் இடத்தில் இதை வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை என்பதே என் உறுதியான கருத்து.

அதற்குப் பிறகும் விருப்பம் இருந்தால், புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் கேளுங்கள். திட்டுவார் என்று பயந்து ஒளித்துவைப்பதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கிறது. மருந்தின் பெயர், எந்த மரத்துச் செடியின் சாறு, அளவு, யார் போடுவார் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உடலே தன்னைத் தாக்கும் நோய், நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள், கட்டுப்படாத தைராய்டு மிகைப்பு, மூளையில் கட்டி, முந்தைய ஒவ்வாமை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், அதை நீங்களாகவே முதலில் சொல்லிவிட வேண்டும்.

காய்ச்சலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஊசிக்குப் பின் உடம்பு லேசாகச் சூடாவது உண்டு. ஊசி போடுகிறவர்கள் அதை நல்ல அறிகுறி என்று சொல்வதும் உண்டு. ஆனால் கீமோ போட்டு ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் வரும் காய்ச்சல் இரத்தத்தில் கிருமி பரவுவதன் ஒரே அடையாளமாக இருக்கக்கூடும். சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகலாம். வெப்பமானியில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், ‘ஊசியின் சூடுதான்’ என்று வீட்டிலிருந்தபடியே முடிவு கட்டக் கூடாது. பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலைத் தணித்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. குலசேகரம், அருமனை போன்ற உள்பகுதிகளில் இருப்பவர்கள், நள்ளிரவிலும் வரக்கூடிய வண்டி எது, இரத்தப் பரிசோதனை செய்யும் அருகிலுள்ள மருத்துவமனை எது என்பதை முன்னமே முடிவு செய்து வைத்திருங்கள். அங்கே போனவுடன் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, ‘இவருக்கு இந்தத் தேதியில் கீமோ போட்டிருக்கிறார்கள்’ என்பதுதான்.

மருத்துவர் சம்மதித்தால், பயிற்சி பெற்ற மருத்துவரின் கண்காணிப்பில் சிறிய அளவில் தொடங்கி, பொதுவாக வாரத்திற்கு இரண்டு மூன்று முறை வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் போடுவார்கள். போட்ட இடத்தில் சிவந்து தடிப்பது வழக்கம். மறுநாள் ஓர் அளவுகோலை வைத்து அந்தச் சிவப்பை அளந்து, தேதியோடு நோட்டில் குறியுங்கள். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினால் அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் தெரிவித்து அளவைக் குறைப்பது பற்றிக் கேளுங்கள். உடம்பெங்கும் அரிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் ஊசியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடுத்த கீமோவுக்குப் போகும்போது அந்த நோட்டையும் காலியான ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) ஒன்றையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.