வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரரிடம் பிளானைக் காட்டும்போது

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவருக்கு இங்கே வீடு கட்டித் தருகிறீர்களா? பிளானை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். தெளிவு குறைந்து, சுவர் 9 அங்குலமா நாலரையா என்பதே தெரியாமல் போகும். பிடிஎஃப் ஆக்கி, 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புங்கள். பிடிஎஃப் திறக்கும் அக்ரோபாட் ரீடர் ஆப் இலவசம்தான். அதில் மாற்றம் வேண்டிய இடத்திலேயே அவர் கமெண்ட் போடலாம்.

"கிச்சன் ஜன்னலைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தால், எந்தப் பக்கம், எத்தனை அடி என்று கேட்டு, பிளானில் நீங்களே குறித்துத் திருப்பி அனுப்புங்கள். அவர் 'சரி' என்று எழுத்தில் சொன்ன பிறகே டிராயிங்கில் கை வையுங்கள். மாற்றிய இடத்தைச் சுற்றி மேகம்போல வளைகோடு, பக்கத்தில் முக்கோணத்துக்குள் எத்தனையாவது திருத்தம் என்ற எண் போடுங்கள். அதே எண்ணும் தேதியும் ஃபைல் பெயரிலும் இருக்கட்டும். 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்' என்று பெயர் வைத்தால், சைட்டில் கொத்தனார் கைக்குப் பழைய பிளான் போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொன்று, இதை யாரும் விடாதீர்கள்: ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்த்தால் எந்த அறையும் விசாலமாகத்தான் தெரியும். கட்டில், பீரோவையும் அளவோடு வரைந்து காட்டுங்கள். 10 அடி அறையில் 5 அடி அகலக் கட்டில் போட்டபின் நடக்க எவ்வளவு இடம் மிச்சம் என்பது அவருக்கே புரியும்.