டெப்ரிகேட்: இந்த ஆங்கிலச் சொல்லைப் பிழையில்லாமல் பயன்படுத்துவது எப்படி?

நிரல் எழுதப் பழகுகிறவர்களில் பலர் இந்தச் சொல்லை முதலில் பார்ப்பது திரையில்தான். ஜாவா என்ற நிரல்மொழியில் பழைய மெத்தட் (பெயர் சொல்லிக் கூப்பிடும் நிரல் துண்டு) ஒன்றைக் கூப்பிட்டால், நிரல் எழுதும் எடிட்டர் அதன் பெயரின் குறுக்கே ஒரு கோடு போட்டு 'டெப்ரிகேட்டட்' என்று காட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கோட்டைப் பார்த்துப் பயந்துபோய், "அண்ணா, இதைத் தூக்கிட்டாங்களாம்" என்று பக்கத்து இருக்கை சீனியரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ரன் கொடுத்தார். ஓடியது! அன்றைக்குத்தான் அகராதியைப் புரட்டினேன்.

படி 1: வேரைப் பிடியுங்கள்

லத்தீனில் 'ப்ரெகாரி' என்றால் வேண்டிக்கொள்வது. 'டேப்ரெகாரி' என்றால், ஒரு தீங்கு வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்வது. இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு நல்ல வசதி இருக்கிறது. கோயிலில் வைக்கிற வேண்டுதலும், இலையில் கைவைத்து மறித்து "போதும், வேண்டாம்" என்கிறோமே, அந்த வேண்டாமும் ஒரே 'வேண்டு'விலிருந்து வந்தவை. டெப்ரிகேட்டுக்குள்ளும் அதே வேண்டாம்தான் இருக்கிறது. பிறகு ஆங்கிலத்தில் 'இது சரியில்லை என்று கருதுவது, ஏற்காமல் இருப்பது' என்ற பொருளில் நிலைத்துவிட்டது.

படி 2: சூட்டை அளந்து பாருங்கள்

'கண்டெம்' என்பது வெளிப்படையான கண்டனம். டெப்ரிகேட் அவ்வளவு சுடாது. 'வீ டெப்ரிகேட் த யூஸ் ஆஃப் ஃபோர்ஸ்' என்றால், பலத்தைப் பயன்படுத்துவதை நாங்கள் ஏற்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் ஒரு செயலையோ வழக்கத்தையோ பற்றித்தான் இப்படிச் சொல்வார்கள். அறிக்கைக்கும் கட்டுரைக்கும் பொருந்தும். நண்பரிடம் பேசும்போது சொன்னால் ஒட்டாது.

படி 3: இரட்டைப் பிள்ளையிடம் ஏமாறாதீர்கள்

அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். 'டிப்ரீஷியேட்' வேறு சொல். அது விலை என்று பொருள்படும் 'ப்ரெட்டியம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வாங்கிய வண்டியின் மதிப்பு வருஷா வருஷம் குறைகிறதே, கணக்கர்கள் தேய்மானம் என்பார்களே, அதுதான் இது. ஒலியைக் கவனித்தால் குழப்பம் தீரும்: டெப்ரிகேட்டில் அழுத்தம் முதல் அசையில், டிப்ரீஷியேட்டில் 'ப்ரீ'யில்.

ஒரே ஓர் இடத்தில் இரண்டும் கலந்துவிட்டன. தன்னைக் குறைத்துப் பேசிக்கொள்வதை முன்பு 'செல்ஃப் டிப்ரீஷியேஷன்' என்றார்கள். இப்போது 'செல்ஃப் டெப்ரிகேட்டிங்' என்பதே வழக்கு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: திரையில் கண்டால் என்ன செய்வது?

சரி, கணினிக்கு வருவோம். இங்கே இதன் பொருள்: 'இன்னும் இருக்கிறது, ஓடும், ஆனால் புதிதாக இதை நம்பி எழுதாதீர்கள்.' இணையப் பக்கங்களை எழுத உதவும் எச்டிஎம்எல் மொழியின் 1999இல் வந்த 4.01 பதிப்பு, 'ஃபான்ட்', 'சென்டர்' என்ற டேக்குகளை (பக்கத்தை வடிவமைக்கும் குறிகளை) இந்தப் பட்டியலில் வைத்தது. இன்றும் அவற்றை எழுதினால் உலாவி காட்டத்தான் செய்கிறது.

காரணத்தை நேரில் பார்க்க வேண்டுமா? ஜாவாவில் தேதியைக் கையாளும் 'டேட்' வகுப்பில் 'கெட்இயர்' என்று ஒரு மெத்தட். ஆண்டு 2024 என்றால் அது 124 என்று பதில் தரும், ஏனென்றால் 1900ஐக் கழித்துவிட்டுத்தான் சொல்லும். எத்தனை பேர் இதில் வழுக்கியிருப்பார்கள்! 1997இல் வெளியான ஜேடிகே 1.1இலேயே (ஜாவாவில் நிரல் எழுதுவதற்கான கருவித் தொகுப்பு) அதை டெப்ரிகேட் செய்துவிட்டார்கள். ஆனாலும் பழைய நிரல்கள் உடையக் கூடாதே என்று நீக்காமல் விட்டிருக்கிறார்கள்.

ஆகவே எச்சரிக்கை வந்தால் பதறாமல் அந்த மெத்தடின் ஆவணத்தைத் திறந்து பாருங்கள். பதிலுக்கு எதைப் பயன்படுத்துவது என்று பெரும்பாலும் அங்கேயே இருக்கும். புதிய நிரலில் அதைப் போடுங்கள். பழையதை நேரம் கிடைக்கும்போது மாற்றலாம், ஆனால் எங்கெங்கே இருக்கிறது என்று இன்றே குறித்து வையுங்கள்.

அப்புறம், தமிழில் ஆவணம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெப்ரிகேட்டட் என்பதை 'நீக்கப்பட்டது' என்று பெயர்க்காதீர்கள். நம்பிப் படிக்கிறவர், ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அவசரமாகப் பிரித்துப்போட்டுவிடுவார். 'இனிப் பயன்படுத்த வேண்டாம்' என்று எழுதுங்கள்.